பேச்சியம்மாவின் ஆராத்தித் தட்டு

எங்கள் தோட்டத்தில் தேயிலையைவிடச் செழிப்பாக முளைப்பது அடிக்கல். வீடு கட்டித் தருவதாக மேல் டிவிஷன் மைதானத்தில் ஏற்கெனவே இரண்டு நட்டார்கள். இரண்டிலும் ஒரே மந்திரி ஐயாவின் பெயர்தான். கட்சி மட்டும் வேறு. இரண்டு முறையும் அவருக்கு ஆராத்தி எடுத்தவர் பேச்சியம்மா.

பேச்சியம்மா கொழுந்து பறிப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். கல்யாணமோ திருவிழாவோ தேர்தலோ, எதுவானாலும் தோட்டத்தில் ஆராத்திக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர், வெற்றிலைமேல் கற்பூரம், ஒரு பித்தளைத் தட்டு. மலைக்காற்றிலும் அணையவிடாமல் சுற்றத் தெரிந்த கை. அந்தத் தட்டு சுற்றாமல் எந்தப் பெரிய மனிதரும் இங்கே வாகனத்தைவிட்டு இறங்கியதில்லை. வீடு கட்டாமல் போகலாம், ஆராத்தி இல்லாமல் வரக்கூடாது; அது அவர்களுடைய கொள்கை.

பேச்சியம்மா குடியிருக்கும் லயம், ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக ஒற்றையறை வீடுகள், ஒரு சரிவின் அடியில் இருக்கிறது. போன கார்த்திகை மழையில் அதன் பின்சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. மண்சரிவு பார்க்கும் அதிகாரிகள் வந்து, இனி இங்கே குடியிருக்கக் கூடாது என்றார்கள். எங்கே குடியிருக்கலாம் என்று சொல்ல வேண்டியவர் வேறோர் அலுவலகத்தில் இருந்தாராம். லயத்து ஆட்களைப் பாடசாலையில் தங்க வைத்தார்கள். தவணை தொடங்கியதும், வகுப்பறை வேண்டுமென்று அதே பிளந்த சுவருக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து பேச்சியம்மா கேட்டது ஒன்றுதான்: அடுத்த மழைக்கு முன்னால், மண் சரியாத இடத்தில், தன் பெயரில் ஒரு துண்டு காணியும் வீடும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் லயத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறினார். காணி கம்பனியின் குத்தகையில் இருக்கிறது, தோட்டத்தை நடத்தும் துரையைக் கேளுங்கள் என்றது அரசாங்க அலுவலகம். காணி அரசாங்கத்துடையது, அங்கே கேளுங்கள் என்றார் துரை. இரண்டு பேரும் சொன்னது உண்மை என்பதுதான் இதில் விசேஷம். கிராமத்தில் மண் சரிந்தால் காணி தேடித் தருகிற கொள்கை, லயத்துப் படிக்கு வந்ததும் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது.

ஒருநாள் ஓர் அதிகாரி சிங்களத்தில் சொன்னதை, கூடப் போயிருந்த நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. கொள்கையளவில் தங்களுக்கு உடன்பாடு என்றார். அப்படியென்றால் என்ன என்று பேச்சியம்மா கேட்டார். இல்லை என்று அர்த்தம் என்றேன்.

அதன் பிறகு அவர் அந்தப் பெண்களோடு பஸ் நிலையத்துக்கு எதிரே பதாகை பிடித்து நிற்கத் தொடங்கினார். கணவர் செல்லசாமிக்கு அது ஒரே வேடிக்கை. "மந்திரிக்கு ஆராத்தி எடுத்த கை, இப்ப போர்டு புடிக்குது" என்று வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்தபடி போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

பங்குனியில் மூன்றாவது அடிக்கல்லுக்கு நாள் குறித்தார்கள். அதே ஐயா, புதிய கட்சி. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் லியனார்ட் வந்து, தட்டைத் துலக்கி வைக்கச் சொன்னார். பேச்சியம்மா மறுபேச்சுப் பேசாமல் சரி என்றார். அவரோடு வெயிலில் நின்ற பெண்கள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அன்றைக்கு மைதானத்தில் தப்பு முழங்கியது. மாலையும் பொன்னாடையும் தயார். தட்டைத்தான் காணவில்லை. ஐயா ஜீப்பைவிட்டு இறங்கவில்லை. லியனார்ட் வழுக்கி வழுக்கிக் கீழே ஓடிவந்தார். பேச்சியம்மா நல்ல சேலை கட்டி, தட்டோடு லயத்தில் தன் காம்பரா வாசலில் நின்றிருந்தார்.

"வர்றவங்களுக்கு வீட்டு வாசல்லதானே ஆராத்தி எடுக்கணும். எங்களுக்கு வீடுன்னு இருக்கிறது இதுதான். வரச் சொல்லுங்க தலைவரே."

"மானத்த வாங்காதீங்க பேச்சிக்கா. நல்ல நேரம் போகுது."

"எங்களுக்கும்தான் போகுது. வானத்தப் பாருங்க."

ராகு காலத்துக்குப் பயந்து ஐயா வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். வழியில் தண்ணீர் பிடிக்கும் பீலி. அவருடைய இரண்டாவது அடிக்கல்லைப் பெண்கள் எப்போதோ பெயர்த்து, அங்கே துவைக்கிற கல்லாகப் போட்டிருந்தார்கள். சோப்பு நுரைக்கு நடுவே ஐயா தன் பெயரை வாசித்தார்.

"பேரு அழியலைங்க ஐயா" என்றார் பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமி, துணியை முறுக்கியபடியே. "தெனமும் சோப்பு போட்டுத்தான் வச்சிருக்கோம்."

பேச்சியம்மா அவரை உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். வெடிப்பு வழியாக வெளியே சரிவு தெரிந்தது. கண்காட்சிக்கு வந்தவர் படம் பார்ப்பதுபோல ஐயா தலையைச் சாய்த்துப் பார்த்தார். மழைக்கு முன்னால் வீடு என்று கேமராவைப் பார்த்து வாக்குக் கொடுத்தார். பிறகு வாசலில் வந்து நின்று, எடுக்கலாம் என்பதுபோல் முகத்தை நீட்டினார். பேச்சியம்மா தட்டைக் கீழே வைத்தார்.

"சாவி குடுக்கிற அன்னைக்கு ஏத்துறேங்க ஐயா."

ஆராத்தியும் இல்லாமல், நல்ல நேரமும் இல்லாமல் மூன்றாவது கல் நடப்பட்டது. அந்தப் பெண்கள் மறுபடி பேச்சியம்மாவோடு பேசினார்கள். செல்லசாமி மட்டும் போகிற வருகிறவர்களைக் கண்டால் இஸ்தோப்பைவிட்டு எழுந்து உள்ளே போனார். சொல்வதற்குப் பகிடி எதுவும் கிடைக்கவில்லை போலும்.

சித்திரையில் சிலர் வந்து அளந்து, கயிறு கட்டி, முளை அடித்துவிட்டுப் போனார்கள். வேலை அதோடு முடிந்தது. முளைகள் உறுதியானவை, அவற்றில் ஆடு கட்டினால் நிற்கிறது.

வைகாசி மழைக்குப் பின்சுவர் தாங்கவில்லை. ஒரு பகலில் அது உள்பக்கமாக விழுந்தது. எல்லாரும் கொழுந்து மலையில் இருந்ததால் உயிர் தப்பினார்கள். அதிகாரிகள் லயத்துக்குக் குறுக்கே நாடா கட்டினார்கள். பேச்சியம்மாவும் மற்றவர்களும் மறுபடி பாடசாலைத் தரையில் பாய் விரித்தார்கள்.

மூன்றாம் நாள் லியனார்ட் குடையோடு வந்தார். பாதிக்கப்பட்ட மக்களுக்கு அரிசி கொடுக்க ஐயா வருகிறாராம். போன தடவை நடந்ததை மனதில் வைக்காமல், பாடசாலை வாசலில் சின்னதாக ஓர் ஆராத்தி எடுத்தால் நன்றாக இருக்குமாம்.

பேச்சியம்மா ஈரச் சேலையைப் பிழிந்து ஜன்னலில் காயப்போட்டார்.

"தட்டு லயத்துல இருக்கு தலைவரே. உள்ள போகக் கூடாதுன்னு ஆபிசருங்க சொல்லிட்டாங்க. வேணும்னா ஐயாவைப் போயி எடுத்துட்டு வரச் சொல்லுங்க."