மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வளர்த்த புல்

தெருவுக்கே பார்வை சோதித்துக் கண்ணாடி மாட்டிவிடும் நம் கடைக்காரருக்கு, ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் வரும் மைதானம் மொட்டைத் தலை மாதிரி இருப்பது பொறுக்கவில்லை. மூன்று வாரம் கடையைச் சாத்திவிட்டு, தன் கம்ப்யூட்டரில் இருந்த விளையாட்டின் ஃபைல்களை நோண்டி, இடுப்பளவுக்குப் புல் வளர்த்தார். காற்றடித்தால் அது அசையும்கூட. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“வாசல் செடி காஞ்சு கிடக்கு, அதுக்குத் தண்ணி ஊத்த ஆளக் காணோம்,” என்றாள் அவள்.

அந்த விளையாட்டில் அவர்தான் தங்கள் அணிக்குத் தலைவர். அடுத்த போட்டியில் தோற்றால் அந்தப் பதவி அதே அணியில் ஆடும் மச்சினனுக்குப் போய்விடும் என்று ஏற்கெனவே பேசி முடிவாகியிருந்தது. தலைவரோ போட்டி தொடங்கியதும் தன் புல்லுக்குள் கம்பீரமாகப் படுத்துக்கொண்டார். ஹெட்போனில் மச்சினன் அலறினான்.

“மாமா, வெட்டவெளியில படுத்துக்கிட்டு என்ன பண்றீங்க?”

“கத்தாதடா. புல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கேன்.”

“எந்தப் புல்லு? இங்க யாருக்கும் ஒண்ணும் தெரியலையே!”

அவர் வளர்த்த புல் அவர் திரையில் மட்டும்தான் முளைத்திருந்தது. எதிரணியினர் ஐந்து பேரும் நிதானமாக நடந்து வந்து, சிரித்துக்கொண்டே சுட்டுவிட்டுப் போனார்கள்.

பதவி மச்சினனுக்குப் போனது.

“உங்க கம்ப்யூட்டருக்குப் புல்லு தெரியலன்னா நானா பொறுப்பு?” என்று அணியைத் திட்டித் தீர்த்தவர், இப்போது அந்தப் புல்லின் நுனியில் பனித்துளி வைத்துக்கொண்டிருக்கிறார்.