இடது பக்க டேங்க்

அப்பா எதையும் முதல் தடவையிலேயே சரி என்று சொன்னதில்லை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் அவருக்கு வேலை. செய்து வரும் உருப்படிகளைப் பார்த்து, தேறாததில் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த வேலையை அவர் தொழிற்சாலை வாசலோடு விட்டுவிட்டு வந்ததாக எனக்கு நினைவில்லை. கத்தரிக்காயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். என் பள்ளிக்கூட ஷூவை வளைத்துப் பார்ப்பார். பெண் பார்க்க வந்தபோது தன்னையே இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். இரண்டாவது தடவை பஜ்ஜிக்காகப் போனேன் என்பது அப்பாவின் கட்சி.

அப்படிப்பட்டவரிடம் போய் மாட்டிக்கொண்டது மாமாவின் கார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெங்களூரில் பழைய வெளிநாட்டுக் கார்களைச் சீர்செய்யும் பட்டறை வைத்திருந்தார். இந்தக் கார் அவருக்கே சொந்தம். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், கூரை கிடையாது, தரையை ஒட்டி ஓடும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். யாரோ ஒரு எஸ்டேட்காரரின் ஷெட்டில் கோழி அடைந்துகொண்டிருந்ததை வாங்கி, வருஷக்கணக்காக ஒவ்வொரு பாகமாகத் தேடிச் சேர்த்து அதற்கு உயிர் கொடுத்திருந்தார். பாக்கி இருந்தது பெட்ரோல் டேங்க் மட்டும்தான். பின்சக்கரங்களுக்கு மேலே வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று அந்தக் காருக்கு இரண்டு டேங்க். ஒன்று தீர்ந்தால் ஒரு திருகைத் திருப்பி அடுத்ததற்கு மாறிக்கொள்ளலாம். இரண்டுமே உள்ளே துருப்பிடித்துப்போய், துரு உதிர்ந்து குழாயை அடைத்து, தெருமுனை தாண்டுவதற்குள் வண்டி நின்றுவிடும்.

ஒரு சனிக்கிழமை அப்பாவே பெங்களூருக்குப் போய் அந்தக் காரை ஒரு டெம்போவின் பின்னால் கட்டி இழுத்து வந்தார். காருக்குள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மாமா உட்கார்ந்திருந்தார். ஓசூரில் செய்ய முடியாத டேங்க் என்று ஒன்று உண்டா, இரண்டே நாளில் முடித்து மாட்டிவிடலாம் என்று அப்பா தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

அத்தை ஏன் வரவில்லை என்று நான் கேட்டேன். அவள் அம்மா வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அவள் இனி வரப்போவதில்லை என்பதும், மாமா பட்டறையைப் பூட்டிவிட்டுச் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார் என்பதும், இந்த வண்டி மட்டும் ஓடிவிட்டால் கண்காணாத இடத்துக்குப் போய்விடுவேன் என்று அம்மாவிடம் போனில் அழுதிருந்தார் என்பதும் வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் என்றால் அப்பாவும் அம்மாவும்தான்.

எனக்கு என் கவலை. கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி தொடங்கியிருந்தது. வண்டி சரியானதும் அதில் உன்னை அங்கே கூட்டிப் போகிறேன் என்று மாமா, தாடியைச் சொறிந்துகொண்டே, ஏதோ ஒரு ஞாபகத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார். நான் திங்கட்கிழமையே வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

முதலில் வந்தது துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டில் செய்த ஜோடி. பஸ் ஸ்டாண்டு பக்கம் டிரம்மும் வாளியும் செய்கிறவர் தட்டிக் கொடுத்தது, வெள்ளி மாதிரி மின்னியது. அப்பா அதை முகர்ந்து பார்த்தார், நகத்தால் சுரண்டினார். இந்தப் பூச்சு பெட்ரோலில் ஊறிக் கசடாகிவிடும், துருவுக்குப் பதில் அது போய்க் குழாயை அடைக்கும் என்றார். பாக்கெட்டிலிருந்து சிவப்புச் சாக்பீஸை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு. மாமா தலையாட்டினார். நியாயமான காரணம்தான்.

அடுத்தது அலுமினியம். எதிர்வீட்டு வெல்டர் செய்தார். அவருக்குத் தளி பக்கம் ஊர், பாதி கன்னடம் பாதி தமிழ் பேசுவார். “ஆயிது சார்” என்று கொண்டு வந்து வைத்தார், முடிந்துவிட்டதாம். அப்பா காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே தடுப்புத் தகடு இல்லை, வளைவில் திரும்பினால் பெட்ரோல் ஒரு பக்கமாய்ப் போய் மோதும் என்றார். வெல்டர் அதை அறுத்துத் தடுப்பு வைத்து மறுபடியும் கொண்டு வந்தார். அப்பா இந்தத் தடவை வண்டியின் அதிர்வில் வெல்டிங் பற்றுக்குப் பக்கத்தில் விரிசல் விடும் என்றார். வெல்டர் இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் பார்க்காமல் தெருவைக் கடந்து போனார்.

இப்படி ஒவ்வொரு சிவப்புக் கோட்டுக்கும் ஒரு வாரம் போனது. அந்த வாரங்களில் மாமா சும்மா இருக்கவில்லை. முதலில் யாரோ ஒருத்தியின் ஸ்கூட்டி ரிப்பேருக்கு வந்தது, பிறகு தெருவில் இருந்த மிக்ஸிகள் எல்லாம் வரிசையில் வந்தன. அம்மாவோடு கெலமங்கலம் சந்தைக்குப் போய்ப் பை தூக்கி வந்தார். வந்த புதிதில் தட்டில் கோலம் போட்டுவிட்டு எழுந்து போகிறவர், இப்போது கேழ்வரகுக் களியில் இரண்டாவது உருண்டை கேட்டார். ஒரு நாள் தாடியையும் எடுத்துவிட்டார். நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் என் கணக்கெல்லாம் கண்காட்சி முடிய எத்தனை நாள் இருக்கிறது என்பதில்தான் இருந்தது.

மூன்றாவதாக வெளிநாட்டிலிருந்தே ஒரு ஜோடி பெட்டியில் வந்து இறங்கியது. அதே காருக்கென்று அச்சு அசலாகச் செய்தது, கறுப்புப் பெயின்ட் அடித்து, ஒவ்வொன்றும் துணி சுற்றிப் பிள்ளை மாதிரி இருந்தது. இதில் என்ன குறை சொல்லிவிட முடியும் என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்பா அதை மேஜைமேல் நிறுத்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, பெட்ரோல் ஊற்றும் வாய் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்றார்.

“அந்தக் காலத்துல இப்படித்தான் மாமா வந்துச்சு” என்றார் மாமா.

“அந்தக் காலத்துல நான் இன்ஸ்பெக்‌ஷன்ல இல்ல மாப்ள.”

மாமா சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது, சமையலறையில் அம்மாவின் கை ஒரு நிமிஷம் நின்றது. எனக்கோ அழுகை வந்தது. என் அப்பாவைப் போல ஒரு கல்நெஞ்சுக்காரர் ஓசூரிலேயே கிடையாது என்று அன்றைக்கு நிச்சயம் செய்துகொண்டேன்.

கடைசியில் வந்த டேங்குகள்தான் இந்தக் கதைக்கு வேண்டியவை. பெட்டியில் வந்ததை மாதிரியாக வைத்து, நல்ல கனமான இரும்புத் தகட்டில், வாய் சாயாமல், உள்ளே தடுப்பும் துரு ஏறாத பூச்சும் கொடுத்து, வெல்டர் தன் மானத்தையே வைத்துச் செய்தது. கண்காட்சியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அது. காலையில் வீட்டின் பின்னால் துணி துவைக்கும் சிமென்ட் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தோம். டேங்கின் வாய்களை ரப்பரால் அடைத்து, சைக்கிள் பம்பால் உள்ளே காற்றை ஏற்றி, தண்ணீரில் அமுக்கிப் பிடிக்க வேண்டும். எங்கேயாவது ஓட்டை இருந்தால் குமிழி வரும். குமிழி பார்க்கிற வேலை என்னுடையது. எனக்குக் கண் கூர்மை என்று அப்பாவே கொடுத்த பதவி.

வலது பக்க டேங்க் முதலில் உள்ளே போனது. மாமா அமுக்கிப் பிடித்தார். நான் தொட்டிக்குள்ளேயே விழுந்துவிடுகிற மாதிரி குனிந்து பார்த்தேன். தண்ணீர் அசையவில்லை.

“வருது” என்றார் அப்பா. சாக்பீஸை எடுத்தார்.

“எங்கப்பா?”

“அந்த மூலையில.”

அந்த மூலையில் ஒன்றுமில்லை. தட்டிலிருந்து இட்லியைத் தட்டிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. “அப்பா பொய் சொல்றாரு” என்று கத்திவிட்டேன். “ஒண்ணுமே வரல. வேணும்னே சொல்றாரு. மாமா, நீங்க பாருங்க.”

அப்பாவை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் என்னை அதட்டவில்லை. காதெல்லாம் சிவந்துபோய், சாக்பீஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். கதவருகே வந்த அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். மாமா டேங்கை அமுக்கிப் பிடித்தபடி அப்பாவை அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அத்தனை வாரமாக வந்துபோன தகடுகளையெல்லாம் அவர் மனசுக்குள் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

“பாப்பா சொல்றது சரிதான் மாமா” என்றார். “வரல. இது நல்லாருக்குது.”

அப்பா சாக்பீஸைப் பாக்கெட்டில் போட்டார். “அப்ப மாட்டு” என்றார். ஜெயித்த சந்தோஷத்தில் நான் குதித்தேன்.

இடது பக்க டேங்க் உள்ளே போனது. அப்பா அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாமாதான் தண்ணீர்மேல் முகம் படுகிற மாதிரி குனிந்தார்.

“மாமா, இதுல வருதே” என்றார்.

அப்பா நிமிர்ந்தார். “எங்க?”

“இதோ, அடியில. சின்னதா.”

இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு தொட்டிக்குள் பார்த்தார்கள். நானும் நடுவில் தலையை நுழைத்துப் பார்த்தேன். குமிழியும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஆமா மாப்ள, வருது” என்றார். அழுத்தமாக ஒரு சிவப்புக் கோடு போட்டார். ஒரு டேங்க் இருந்தால் வண்டி ஓடும், இது இங்கேயே இருக்கட்டும், சரியானதும் வந்து மாட்டிக்கொள்ளலாம் என்று இருவரும் ஒரே மாதிரி பேசினார்கள். மாமாவுக்குப் பார்வை மங்கிவிட்டது, கண்ணாடி வாங்கிப் போடச் சொல்லு என்று அம்மாவிடம் ஓடினேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சொல்றேன் என்றாள்.

அன்று சாயந்திரம் வலது டேங்க் நிறையப் பெட்ரோலோடு மாமாவும் நானும் கிருஷ்ணகிரிக்குப் போனோம். நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள்கூட வழிவிட்டார்கள். கண்காட்சியில் என் வகுப்புப் பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை என்பது வேறு விஷயம். மறுவாரம் மாமா அதே காரில் பெங்களூருக்குப் போய்ப் பட்டறையைத் திறந்தார்.

பிறகு சனிக்கிழமைதோறும் டேங்க் என்னாயிற்று என்று கேட்டுக்கொண்டு வருவார். அப்பா அதைத் தொட்டியில் அமுக்குவார். இருவரும் குனிந்து பார்ப்பார்கள். இன்னும் வருது மாப்ள என்பார் அப்பா, அப்ப அடுத்த வாரம் பாக்கலாம் மாமா என்பார் மாமா. அதற்குள் அம்மா இலை போட்டிருப்பாள். ஊர்க்காரர்களின் கார்களையெல்லாம் சரிசெய்கிற மனிதர் இப்படி ஏமாறுகிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த டேங்கில் ஓட்டையே இல்லை என்று காதில் சொன்னேன்.

மாமா என் தலையில் கை வைத்தார். “அப்பாகிட்ட சொல்லிடாத பாப்பா” என்றார்.

நல்ல உருப்படியை ரிஜெக்ட் செய்தது தொழிற்சாலைக்குத் தெரிந்தால் அப்பாவின் வேலை போய்விடும், அதற்குத்தான் மாமா பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு, நானும் யாரிடமும் சொல்லவில்லை.