அம்மா குடித்த மருந்து

அப்பா வேலை முடிந்து வரும்போது அவருக்கு முன்னால் அவருடைய சட்டையின் வாடை வீட்டுக்குள் வந்துவிடும். கெட்டுப்போன மீனை மண்ணெண்ணெயில் ஊறவைத்தது போல, தொண்டைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிற வாடை. அம்மா அந்தச் சட்டையை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனி வாளியில் ஊறப்போடுவாள். மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயம் இருந்தது. அம்மா மண்டோரின் மேற்பார்வையில் கொழுந்து எடுத்தாள். அப்பா முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, தேயிலை வரிசைகளுக்கு இடையே மண்டும் புல்லுக்கு "மருந்து" அடித்தார். தோட்டத்தில் அதற்கு வேறு பெயர் கிடையாது. காய்ச்சலுக்கு டிரெஸ்ஸர் ஐயா கொடுத்ததும் மருந்துதான், புல்லைக் கொன்றதும் மருந்துதான். எட்டு வயதுப் பெண்ணான எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்ததில் வியப்பில்லை என்று இப்போது எழுதிவிடலாம். அப்படி எழுத எனக்கு இத்தனை வருடங்கள் ஆகியிருக்கின்றன.

அது ஆண்டுக் கடைசிப் பள்ளி விடுமுறை, விடாத மழைக்காலம். வாலிபர் சங்கத்து அண்ணன்மார் தானா ராத்தாவிலிருந்து ஒரு தொலைக்காட்சிப் பெட்டியையும் வீடியோ டெக்கையும் டேப்பையும் வாடகைக்கு எடுத்து வந்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் தோட்டத்துப் பொது மண்டபமான "டேவானில்" எல்லோருக்கும் படம் போட்டார்கள். படத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. எல்லோரும் மக்கு என்று கேலி செய்யும் கல்லூரி மாணவன் ஒருவன், ஆய்வுக்கூடத்தில் தப்புத் தப்பாகக் கலந்து, நீல நிறத்தில் ஒரு மருந்தைக் கண்டுபிடித்துவிடுகிறான். அதை வீட்டில் ஒளித்துவைத்து, ஒவ்வொருவருடைய காப்பியிலும் ஒரு சொட்டு விடுகிறான். முழங்கால் வலியில் முனகிக்கொண்டிருந்த அவன் அப்பா எழுந்து சடுகுடு ஆடுகிறார். நாற்காலியை விட்டு அசையாத தடித்த மாமா ஒரே தாவில் ஓட்டுக் கூரைமேல் போய் நிற்கிறார். கூன் விழுந்த அத்தை தென்னை மரத்தில் ஏறிக்கொண்டு இறங்க மறுக்கிறாள்.

டேவானே குலுங்கியது. பாயில் சுவரோரமாகச் சாய்ந்து, இடுப்பைக் கையால் அழுத்தியபடி உட்கார்ந்திருந்த அம்மாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்காவிடம் சொன்னாள்:

"அந்த மருந்துல ஒரு சொட்டு எனக்கும் குடுத்தா தேவல லா. இந்த இடுப்பு வலி ஓடிப்போயி, நானும் நாளைக்கு மண்டோர் தலைக்கு மேல தாவிருவேன்."

"நீ தாவுனா மண்டோர் உன்னையும் கூடையோட சேத்து எட போட்டுருவான்," என்றார் செல்லம்மா அக்கா. மறுபடியும் சிரிப்பு.

நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் நீல மருந்து இருந்தது எனக்குத் தெரியும்.

பின்பக்கத்துக் கீரைப் பாத்தியைச் சுற்றிப் புல் மண்டியதால், அப்பா கொஞ்சம் மருந்தை ஒரு பழைய சர்பத் போத்தலில் ஊற்றி வந்து, குளியலறைச் சுவரின் மேல் வைத்திருந்தார். தோட்டத்துப் பொருளை வீட்டுக்குக் கொண்டுவருவது தப்பு என்பதால் அதை ஒரு தகரத்துண்டால் மறைத்தும் வைத்திருந்தார். அம்மாவையும் என்னையும் கூப்பிட்டு, "அதுல கைய வைக்கக்கூடாது, அது மருந்து" என்று எச்சரித்தார். பாவம், அவருக்கு வேறு என்ன சொல் இருந்தது? படத்தில் அந்த மாணவனும் தன் தங்கையிடம் ஏறக்குறைய இதையேதான் சொன்னான்.

மறுநாள் பிற்பகல் அம்மா கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து, காலைக் கழுவிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். நான் "கோப்பி" கலந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டுப் போகாமல் எதிரே நின்றேன்.

"என்னாடி, என் வாயப் பாத்துக்கிட்டு நிக்கிற?"

"குடிங்கம்மா. குடிச்சிட்டு எந்திரிச்சி ஆடுங்க."

அம்மா சிரித்தபடியே ஒரு வாய் உறிஞ்சினாள். உடனே முகம் கோணிப்போய்க் கால்வாய்ப் பக்கம் துப்பினாள். டம்ளரை மூக்கருகே கொண்டுபோனாள். அப்பாவின் சட்டையை நாள்தோறும் தனி வாளியில் துவைத்தவளுக்கு அந்த வாடையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"என்னா போட்ட இதுல?"

"மருந்தும்மா. உங்க இடுப்பு வலிக்கு."

"எந்த மருந்து?"

"அப்பா மருந்து."

அவள் என்னை அடிக்கவில்லை, கத்தவில்லை. குழாயடிக்கு ஓடி வாயை மறுபடி மறுபடி கொப்பளித்தாள். பிறகு என் இரண்டு கைகளையும் இழுத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அவள் உதடுகள் அதற்குள் சிவந்திருந்தன. "நீ குடிச்சியா? நக்கிப் பாத்தியா?" என்று மூன்று தடவை கேட்டாள். இல்லை என்றதும் என் தோள்களைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "யாரு கேட்டாலும் அம்மாதான் போத்தல மாத்தி எடுத்துட்டாங்கன்னு சொல்லு. நீ ஒண்ணும் பண்ணல. கேட்டுச்சா?" நான் தலையாட்டிய பிறகுதான் அவள் செல்லம்மா அக்காவைக் கூப்பிட்டாள்.

ஓடிவந்த அக்கா, படியில் இருந்த டம்ளரைப் பார்த்தார். நான் கீழே வைத்திருந்த போத்தலை எடுத்து மோந்தார். "ஐயோ, மருந்து குடிச்சிட்டாளே!" என்று அவர் போட்ட கூச்சல் லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனது. பன்னிரண்டு வீட்டுக் கதவுகளும் திறந்தன. தோட்டத்தில் அந்த வாக்கியத்துக்கு ஒரே பொருள்தான் உண்டு. வாழப் பிடிக்காத பெண் செய்துகொள்வது அது.

துரையின் வண்டியில் அம்மாவைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்பா மலையிலிருந்து இறங்கி ஓடிவந்தவர், முதுகுப் பம்பைக் கழற்றக்கூட மறந்து வண்டியில் ஏறப்போனதாகப் பிறகு சொன்னார்கள். உடம்புக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று சில நாட்கள் போனால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நாட்களில் நான் செல்லம்மா அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா எனக்கு ஊட்டிவிட்டார், தலை சீவிவிட்டார், "உங்கப்பன் அடிப்பானாடி? குடிச்சிட்டு வருவானா?" என்று மெதுவாகக் கேட்டார். அம்மா போத்தலை மாற்றி எடுத்துவிட்டாள் என்று மட்டும் சொன்னேன்; அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு தவறிவிடுமோ என்று மற்ற எதற்கும் வாயைத் திறக்கவில்லை. என் மௌனத்தை அக்கா தமக்குத் தெரிந்த விதத்தில் புரிந்துகொண்டார். அம்மா செத்துப்போனால் நான் என்ன ஆவேன் என்ற ஒன்றைத் தவிர என் மண்டையில் அப்போது எதுவும் இல்லை.

அம்மா பிழைத்து வந்தாள். துப்பியதுதான் அவளைக் காப்பாற்றியது. வாயெல்லாம் புண்ணாகி, வெகுநாள் கஞ்சியை ஆறவைத்துக் குடித்தாள்.

போத்தலை வீட்டுக்குக் கொண்டுவந்தது தான்தான் என்று அப்பா தோட்டத்து ஆபீசில் கிராணியிடம் ஒப்புக்கொண்டார். மருந்து வேலையிலிருந்து அவரைக் கால்வாய் வெட்டுக்கு மாற்றினார்கள். கோயில் பெரியவர்கள் அவரைக் கூப்பிட்டனுப்பி, "ஏம்பா, மருந்து குடிக்கிற அளவுக்குப் பொண்டாட்டிய என்னா பண்ணுன?" என்று கேட்டார்கள். கைதவறி நடந்தது என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. அம்மா அவரிடம் மட்டும் நடந்ததைச் சொல்லியிருந்தாள். என் மகள்தான் கலந்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கூட்டம் அத்தோடு கலைந்திருக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே பாத்துக்குறேங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். என் மேல் ஒருநாளும் கைவைக்காத, அம்மாவை ஏ என்றுகூட அதட்டாத மனிதர் அவர்.

அதன் பிறகு கல்யாண வீடுகளில் நலங்கு வைக்க அம்மாவைக் கூப்பிடவில்லை. குளியலறையில் அவள் கொஞ்சம் அதிக நேரம் இருந்தால் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். கொழுந்து மலையில் அவளிடம் யாரும் பழையபடி வேடிக்கை பேசவில்லை. "மருந்து குடிச்சவ" என்பது சரஸ்வதி என்ற அவள் பெயருக்கு முன்னால் சேர்ந்துகொண்டது. வேறு ஒரு சரஸ்வதியும் லயத்தில் இருந்ததால் எந்தச் சரஸ்வதி என்று சொல்ல அது வசதியாகவும் போயிற்று.

ஆசிரியர் பயிற்சிக்காக நான் தோட்டத்தை விட்டுக் கிளம்பிய வருடம், ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் என் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். "பெத்தவளுக்கே மருந்து வச்சவன்னு ஒரு பொம்பளப் புள்ளைக்குப் பேரு வந்தா அது போவாது. எனக்கு வந்தா வந்துட்டுப் போவுது. நான் என்னா, இனிமேலா கல்யாணம் கட்டப்போறேன்?" என்று சொல்லிவிட்டு, அடுத்த துணியை எடுத்தாள்.

இன்றைக்கு ஈப்போவில் என் வீட்டில், எந்தத் திரவமும் அது வந்த போத்தலை விட்டு வேறு போத்தலுக்குப் போகாது. தரை கழுவும் சோப்பில்கூட நான் பெயர் எழுதி ஒட்டியிருப்பேன். என் கணவருக்கு அது கேலி. போன வருடம் பதின்மூன்று வயது மகள் அந்தப் பழைய படத்தைக் கைப்பேசியில் கண்டெடுத்து, மாமா கூரைமேல் தாவும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்து என்னையும் கூப்பிட்டாள். துணி காயப்போட வேண்டும் என்று சொல்லிப் பின்பக்கம் போய்விட்டேன்.

தோட்ட வேலையிலிருந்து நின்றதும் அப்பாவும் அம்மாவும் என்னோடு வந்து இருந்தார்கள். அப்பா போய் ஆறு வருடங்கள் ஆகின்றன. மூன்று மாதங்களுக்கு முன்னால் அம்மாவும் போனாள். சாவுக்கு மலையிலிருந்து இறங்கி வந்திருந்த செல்லம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அப்பவே போயிருக்க வேண்டியவ. உங்கப்பன் பண்ணுன கொடுமையில மருந்தக் குடிச்சும், உனக்காகப் பொழச்சி வந்தா." என் மகள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து அவள் அடுப்படிக்கு வந்து கேட்டாள்: "தாத்தா பாட்டிய ரொம்ப அடிப்பாராமா?"

தாத்தாவின் மடியில் வளர்ந்தவள் அவள். நான் அடுப்பை அணைத்தேன். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கேட்டு முடித்ததும், "அந்தச் செல்லம்மா பாட்டி உயிரோட இருக்குறப்பவே போய்ச் சொல்லிருங்கம்மா" என்றாள்.

போன வாரம் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். செல்லம்மா அக்கா அதே வீட்டில்தான் இருக்கிறார். மகன் கோலா தெர்லாவில் தங்கிக் காய்கறி லோரி ஓட்டுகிறான். அவர் எதிரே உட்கார்ந்து, படம் பார்த்தது முதல் டம்ளரை நீட்டியது வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் என் கன்னத்தைத் தடவினார்.

"பெத்தவங்கள விட்டுக்குடுக்காம பேசுற. நல்ல புள்ள."

"இல்லக்கா, உண்மையிலேயே நாந்தான் ஊத்துனேன்."

"எட்டு வயசுப் புள்ளைக்கு என்னா தெரியும்? நான் அந்தப் போத்தல மோந்து பாத்தவ லா. போ, புள்ளைக்குப் பசிக்கும், மொதல்ல சாப்புடுங்க."

என் மகள் குறுக்கிட்டாள். "அம்மா பொய் சொல்லல பாட்டி" என்றாள். அக்கா அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டார்.

டேவான் இருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் ஸ்ட்ராபெரி விளைகிறது. மருந்து அடிக்கிறவர்கள் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு போகிறார்கள். ஸ்டோர் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்குகின்றன. லயத்தில் நான்கு வீடுகளை இடித்துவிட்டார்கள். அக்கா வீடு போக மீதி வீடுகளில் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் குடியிருக்கிறார்கள், சரஸ்வதி என்று ஒருத்தி இங்கே இருந்தாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. அங்கே என் அம்மாவைத் தெரிந்தவர் இனி ஒரே ஒருவர்தான். அவரும் தப்பாகவே தெரிந்துவைத்திருக்கிறார்.