கொல்லைக் கதவும் கம்பெனிச் சட்டியும்

என் சமையலறையில் ஒரு சட்டி இருக்கிறது. வெளியே கருப்பட்டி நிறம், உள்ளே வெண்ணெய் நிறம், பக்கத்துக்கு ஒரு காது. நாற்பது வருஷம் இருக்கும். விளிம்பில் ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. ஓவனிலிருந்து எடுத்து மேடைமேல் வைத்தால், ஆறும்போது அது சத்தம் போடும். டிக். கொஞ்சம் பொறுத்து டிக், டிக். மேல்பூச்சு சுருங்குவதால் வருகிற சத்தம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று நானே எத்தனையோ வீடுகளில் சிரித்துக்கொண்டே விளக்கியிருக்கிறேன். ஆனால் என் வீட்டில் அது கேட்டால், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்து பார்ப்பேன். "என்னம்மா, விருந்தாளி வந்தாச்சா?" என்பாள் மகள். "ஆமாடி, உன் மாமியார் வந்திருக்கா" என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். உண்மையான காரணத்தை இன்றைக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். படித்தால் மனம் கலங்கக்கூடிய இரண்டு பேரும் இப்போது உயிரோடு இல்லை.

தஞ்சாவூரில் ஒரு கம்பெனிக்கு இந்தச் சட்டிகளை விற்றுக்கொண்டிருந்தேன். கடையில் அல்ல, வீடுகளில். ஒரு வீட்டம்மா தன் தெருப் பெண்களைக் கூட்டிவைப்பார். நான் ஓவனையும் சட்டிகளையும் வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், அவர்கள் கண்முன்னாலேயே ஒரு ரவை கேக் சுட்டு, ஆளுக்கொரு துண்டு கொடுத்து, ஆர்டர் எழுதி வருவேன். கூட்டிவைத்த அம்மாவுக்கு ஒரு சட்டி இனாம். ஸ்டோன்வேர் என்று கம்பெனி பெயர் வைத்திருந்தது. "கல்சட்டியா?" என்று கேட்பார்கள். "இல்லிங்க, மண்ணுதான், கல்லாட்டம் ஆகுற மட்டும் சூளையில சுட்டது" என்பேன். "மண்ணுசட்டிக்கா இவ்வளவு பவுசு!" என்று ஒருத்தியாவது சொல்லாத வீடு இல்லை. காவிரிக் கரையில் மண்சட்டி விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனாலும் எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதனால் பிழைத்தேன்.

இன்னொரு தந்திரமும் உண்டு. நம் பெண்கள் எந்தச் சட்டியையும் தட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார்கள். விரல் முட்டியால் மூன்று தட்டு. கீறல் இருந்தால் செத்த சத்தம், இல்லையென்றால் கணீர். கம்பெனி சொல்லித்தராத இந்த ஒன்றை நானாகச் சேர்த்துக்கொண்டேன். பேச்சைத் தொடங்குமுன் சட்டியைக் காதோரம் தூக்கிப் பிடித்து டொக், டொக், டொக் என்று தட்டுவேன். உடனே நாலு கைகள் நீளும். தட்டிப் பார்த்தவள் பாதி வாங்கியவள் மாதிரிதான்.

இதே உலகத்தில் என் அம்மா யார் வீட்டுக் கதவையும் தட்டமாட்டார். ரேஷன் கார்டு வாங்க அதிகாரி வீட்டுக்குப் போனாலும் சரி, டாக்டர் அறைக்குப் போனாலும் சரி, கதவுக்கு நாலடி தள்ளி நிற்பார். உள்ளே இருப்பவர் தானாக வெளியே வரும்வரை நிற்பார். வெயிலில் ஒரு பகல் முழுக்க அப்படி நின்றதைப் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் எனக்கு அவமானமாக இருக்கும். காரணம் புரிந்தபிறகு ஏன் என்று கேட்பதை நிறுத்திவிட்டேன்.

திருவாரூர்ப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அம்மாவும் அப்பாவும் அங்கே மிராசுதார் வீட்டுப் பண்ணையாட்கள்; மாட்டுக்கொட்டகை அம்மாவின் பொறுப்பு. சென்னையில் ஆட்சி மாறியிருந்த சமயம். கடைவீதிச் சுவரெல்லாம் கறுப்பும் சிவப்பும் அடித்திருந்தார்கள், வரப்பில் தனியாகச் செங்கொடி நட்டிருந்தார்கள். அறுவடைக்குக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் ஆட்கள் களத்தில் இறங்க மறுத்திருந்தார்கள். ஒரு மார்கழி மாதப் பட்டப்பகலில் வெளியூர் அடியாட்கள் வந்து எங்கள் குடிசைகளுக்கு நெருப்பு வைத்தார்கள். ஆம்பளைகள் கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். அம்மா கைக்குழந்தையாக இருந்த என் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஏழு வயதுப் பெண்ணான என்னை இழுத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே கதவுக்கு ஓடினார். அது மிராசுதார் வீட்டுக் கொல்லைக் கதவு. தினம் மோர் வாங்கிக் குடித்த இடம். "அம்மா, அம்மா, புள்ளைங்கள மட்டும் உள்ள விடுங்கம்மா" என்று தட்டினார். கதவு திறக்கவில்லை. வாய்க்கால் காட்டாமணக்குப் புதருக்குள், கழுத்தளவு தண்ணீரில், பொழுது சாயும்வரை நின்றோம். மூன்றாம் நாள் தம்பி மூச்சு முட்டிச் செத்துப்போனான்.

மிராசுதார் வீட்டில் அன்றைக்கு ஒரு ஆள்கூட இல்லையாம். மிராசுதாரின் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், வீடே திருக்கடையூர் போயிருந்ததாம். போலீசில் அப்படித்தான் எழுதினார்கள். அம்மாவும் அப்படித்தான் சொல்வார். "வீட்ல ஆள் இல்ல. இருந்திருந்தா அந்தம்மா தொறந்திருப்பாங்க. தங்கமான மனுஷி." நான் ஹாஸ்டலில் சேர்ந்து, படித்து, வேலைக்கு வந்து, அம்மாவைத் தஞ்சாவூருக்குக் கூட்டிவந்த பிறகும் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா உயிரோடு இருக்கிறார் என்று நான் நினைத்தேன். அது பொய்யாக இருந்துவிடக் கூடாதே என்பதுதான் என் பயமெல்லாம்.

ஒருநாள் ஆபீசில் எங்கள் மேடம் டைரியைப் பார்த்து, வியாழக்கிழமை போகவேண்டிய ஊரைச் சொன்னார். அதே ஊர், அதே வீடு. முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கதவை ஒருதடவை உள்பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும் போலிருந்தது. அம்மாவிடம் ஒரத்தநாடு போகிறேன் என்று புளுகிவிட்டுக் கிளம்பினேன்.

வாசல் வழியாக அந்த வீட்டுக்குள் போன முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். கம்பெனிப் புடவைக்கு ஊரும் இல்லை, தெருவும் இல்லை. யாரும் எதையும் கேட்கவில்லை. மிராசுதார் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில். அம்மா தங்கமான மனுஷி என்று சொல்கிற அவர் மனைவி, பெரியவீட்டம்மா, மட்டும் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒடிசலான உடம்பு, பேசும்போது எதிரில் இருப்பவரை விட்டுவிட்டு அவர் தோளுக்குப் பின்னால் பார்க்கிற கண். "வாம்மா, உக்காரு, தண்ணி குடி" என்று தன் கையாலேயே செம்பைக் கொடுத்தார். தெருப் பெண்கள் எட்டொன்பது பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் வழக்கம்போலச் சட்டியைக் காதோரம் தூக்கித் தட்டினேன். டொக், டொக், டொக்.

பெரியவீட்டம்மா எழுந்தார். கூடத்தைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டிப் பின்பக்கம் போனார். மேல் தாழ்ப்பாள், நடுத் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள், மூன்றும் ஒவ்வொன்றாகக் கிரீச்சிட்டு விலகுவது கேட்டது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மூன்றும் திரும்ப விழுந்தன. வந்து பழைய இடத்தில் உட்கார்ந்து, "நீ சொல்லும்மா" என்றார். பக்கத்திலிருந்தவள் என் காதில், "கண்டுக்காதீங்க, அவங்க அப்படித்தான். நாங்க யாரும் இங்க தேங்காகூடத் தட்டி உடைக்க மாட்டோம்" என்றாள். எந்தச் சட்டிக்கு என்ன சூடு என்று ஏதோ உளறி, கேக்கை உள்ளே வைத்தேன். கரண்ட் வேறு மங்கி மங்கி எரிந்தது. ஒருவழியாக வெந்ததும் எடுத்து மணைமேல் வைத்தேன். ஏலக்காய் வாசனையில் பெண்கள் கலகலப்பாகிவிட்டார்கள். அப்போதுதான் சட்டி ஆற ஆரம்பித்தது. டிக். டிக், டிக்.

அவர் மறுபடி எழுந்தார். இந்தத் தடவை நானும் பின்னாலேயே போனேன். கால் தானாகப் போயிற்று. கதவு திறந்ததும் கண் கூசியது. மாடில்லாத கொட்டகை. வாய்க்கால். அதன் கரையில் அதே காட்டாமணக்கு. அந்தப் பக்கம் எங்கள் குடிசைகள் இருந்த இடத்தில் பயிர் பச்சையாக நின்றது. ஈ காக்கை கிடையாது. பெரியவீட்டம்மா படியில் நின்றபடி வெறும் முற்றத்தைப் பார்த்து, "உள்ள வா. புள்ளையக் கொண்டா. வெயில்ல ஏன் நிக்கிறே?" என்றார். நிஜமாகவே யாரோ நிற்பதுபோல ஒதுங்கி வழிவிட்டார்.

"யாருங்கம்மா?" என்றேன்.

"எங்க கொட்டகையில வேல பாத்தவதான். அன்னிக்கு எனக்குக் காய்ச்சல், நான் மட்டும் ஊருக்குப் போகல. யாரு வந்து தட்டுனாலும் தொறக்காதேன்னு சொல்லிட்டுப் போனாங்க. தாழ்ப்பாள்ல கை வச்சேன். இந்தா, இந்த இடுக்கு வழியாப் பாத்துக்கிட்டே நின்னேன். கைப்புள்ளையோட நிக்கிறா. பக்கத்துல ஒரு பொண்ணு, மஞ்சப் பாவாடை. பொங்கலுக்கு நான் குடுத்த பழைய சேலையில தச்சது."

அந்தப் பாவாடை எனக்கு ஞாபகம் இருந்தது. கடைசியில் அது வாய்க்கால் சேற்றில் போனதும் ஞாபகம் இருந்தது.

அவர் இன்னும் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கைப்புள்ள அப்படியேதான் இருக்கு, வளரவே மாட்டேங்குது. அந்தப் பொண்ணு மட்டும் வருஷா வருஷம் வளந்துக்கிட்டே வருது. இப்ப உன் ஒசரம் இருப்பா."

நான்தான் அது என்று சொல்ல வாய் வரை வந்தது. கன்னத்தில் ஒன்று விடலாம் போலவும் இருந்தது, காலில் விழுந்து அழலாம் போலவும் இருந்தது. ஊரையே பேசிப் பேசி மடக்கிய என் வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. அவர் கதவைச் சாத்தி மூன்று தாழ்ப்பாளையும் போட்டார். கடைசித் தாழ்ப்பாள் விழுந்தபோது, நான் வெளியே நிற்கிறேனா உள்ளே நிற்கிறேனா என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை.

கிளம்பும்போது அவருடைய இனாம் சட்டியை எடுத்து வைத்தேன். "எனக்கெதுக்கு? உங்கம்மா இருக்காங்களா?" என்றார். இருக்கிறார் என்றேன். "அப்ப அவங்ககிட்ட குடு" என்று சொல்லி, வெறுஞ்சட்டியாகக் கொடுக்கக் கூடாதென்று அரிசியை அள்ளி அள்ளி அது நிறையப் போட்டார். என்னைத் தெரிந்துகொண்டு செய்தாரா, எல்லோருக்கும் செய்வதைச் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்போது மட்டும் அந்தக் கண் என் முகத்தில் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சட்டியைப் பார்த்தார், அரிசியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். புளுகு நிற்கவில்லை, எங்கே போனேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்த ஒரு விஷயத்தை மட்டும் காப்பாற்றிவிடவேண்டும் என்று காரில் வரும்போதே முடிவு செய்திருந்தேன். அதனால் கேட்காமலேயே சொன்னேன்: "அந்தம்மாவும் அன்னிக்கித் திருக்கடையூர்தான் போயிருந்தாங்களாம். அவங்களே சொன்னாங்க."

அம்மா அரிசியை முறத்தில் கொட்டி, கல் பொறுக்க ஆரம்பித்தார். பாதி பொறுக்கியதும், தலை நிமிராமல், "இருமல் நின்னுடுச்சா அவங்களுக்கு?" என்றார்.

"என்ன இருமல்?"

"பொகையில இருமுனாங்களே பாவம், கதவுக்கு அந்தப் பக்கம்."

"தெரிஞ்சுமா இத்தன வருஷம் ஆளில்லன்னு சொன்னே?" என்று கத்தினேன். அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். "குடிசை எரிஞ்ச அடுத்த வாரமே அந்த வீட்டு வயல்ல எறங்கணும்டி. உன்னையும் வளக்கணும். ஆள் இருந்துச்சுன்னு சொல்லிக்கிட்டு அந்த வீட்டுச் சோத்த எப்படித் திங்கிறது?" என்றார். பிறகு, "அரிசி என்ன பாவம் பண்ணுச்சு" என்று உலை வைத்தார். கஞ்சி வடித்ததும் முதல் அகப்பையை ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கதவோரம் வைத்தார். தம்பிக்கு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்கு அம்மா கதவைச் சாத்தவிடவில்லை.

பெரியவீட்டம்மா அதற்குப்பின் இரண்டு வருஷம் இருந்தாராம். அம்மா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. கடைசிவரை யார் கதவையும் அவர் தட்டவில்லை. சட்டி மட்டும் இருக்கிறது. இன்று மத்தியானம்கூடப் பேரனுக்குக் கேக் சுட்டு மேடைமேல் வைத்தேன். டிக், டிக் என்றது. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தேன். "அங்க யாருமில்லம்மா, சும்மா உக்காரு" என்றாள் மகள், நின்ற இடத்திலிருந்தே.

யாரும் இருக்கமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். திறந்து பார்க்காமல் அதை எந்த வாயால் சொல்வது?