சைக்கிள் பழக ஐந்து மாதம்

எங்கள் தெருவிலேயே சைக்கிள் பழக அதிக நாள் எடுத்துக்கொண்ட பிள்ளை நான்தான். மற்ற பிள்ளைகள் முட்டியில் இரண்டு சிராய்ப்போடு ஒரே வாரத்தில் முடித்த படிப்பை நான் ஐந்து மாதம் படித்தேன். வில்லாபுரத்தில் என் பெயர் தெரியாதவர்கள்கூட ‘அந்தச் சைக்கிள் வராத புள்ளை’ என்றால் தெரிந்துகொள்வார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது.

பழக்கிவிட்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி. இருபத்தேழு வயது. அப்பா லாரியில் போனால் மாதம் இரண்டு முறைதான் வீட்டுக்கு வருவார் என்பதால் மாமா எங்களோடு இருந்தார். முன்பெல்லாம் ஒரு ஏஜென்சிக்காகச் சைக்கிளில் கடை கடையாகப் போய் பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தவர்தான். தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் வைத்த பிறகு சைக்கிள் போய்ச் சுழல் நாற்காலி வந்தது. காலை ஒன்பது மணிக்கு அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் ராத்திரி பத்துக்குத்தான் எழுந்திருப்பார். கை எட்டும் தூரத்தில் தேங்காய் பன்னும் கலர் சோடாவும். சாயங்காலம் பஜ்ஜி. கடை சாத்தியதும் பரோட்டா, சால்னா. உட்கார்ந்த இடத்தில் சம்பாதிக்கிறான் என்று தெருவே மெச்சியது. மூன்று வருடத்தில் சட்டையெல்லாம் சிறுத்துப்போனது. பிறகு, என்ன ஏதென்று தெரியாமலே, அதே சட்டைகள் தொளதொளவென்று ஆகத் தொடங்கின. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். பக்கத்து ஆஸ்பத்திரியில் யாராவது பார்த்துவிடுவார்களே என்று அம்மா அவரை ஆற்றைத் தாண்டிக் கோரிப்பாளையத்துக்குக் கூட்டிப்போய் ஒரு டாக்டரிடம் காட்டினாள். சர்க்கரை. மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் ஒரு மணி நேரம் வேர்க்க வேர்க்க நடக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவிடலாம். நடப்பதை எங்கே ஒளிப்பது? அந்த நாளில் எங்கள் பக்கம் விடிகாலையில் விறுவிறுவென்று நடப்பவர்கள் இரண்டே வகை. ஓய்வுபெற்ற வாத்தியார், இல்லையென்றால் சர்க்கரை வந்த பெரியவர். இருபத்தேழு வயது இளவட்டம் நடந்தால் மூன்றாம் நாளே விசாரணை வந்துவிடும். மாமாவுக்கோ இரண்டு தெரு தள்ளி ஒரு பெண்ணைப் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த வயதில் சர்க்கரை என்று தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள்? இதெல்லாம் வெகுகாலம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டுக்கு ஒரு பழைய சிவப்புச் சைக்கிள் வந்தது மட்டுமே.

“மாமா உனக்குச் சைக்கிள் பழக்கிவிடப் போறான். யாரு கேட்டாலும் அதைச் சொல்லு, அம்புட்டுதான்” என்றாள் அம்மா.

காலை ஐந்தரைக்கு மாமா என்னை எழுப்புவார். அவனியாபுரம் போகிற ரோட்டில் நான் மிதிக்க, அவர் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவார். என் முதுகுக்குப் பின்னால் அவருடைய மூச்சிரைப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். நான் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லுவேன். அவர் இரைத்துக்கொண்டே “உம்” கொட்டுவார். கூடப்பிறந்தவர்கள் இல்லாத எனக்கு, நாள் முழுக்கப் பேசினாலும் கேட்க ஆளில்லை. அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கென்று ஒரு ஆள் இருந்தார்.

இரண்டாவது வாரமே எனக்குச் சைக்கிள் வந்துவிட்டது. “விடுங்க மாமா, நானே ஓட்டுறேன்” என்றால், “இன்னும் பேலன்ஸ் வரல பாப்பா” என்பார். அது பொய் என்று என் கைகால்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் அவர் ஓடி வருவது எனக்குப் பிடித்திருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன். அப்படியே ஐந்து மாதம் ஓடிப்போனது.

ஒருநாள் பால் டெப்போவில் வரிசை நீளமாக இருந்தது. அதில் மாமாவுக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பாவும் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும், “என்ன மாப்ள, இம்புட்டு நாளாச்சு, புள்ளைக்கு இன்னும் சைக்கிள் வரலையா? மண்டையில களிமண்ணா?” என்றார். வரிசையே சிரித்தது. நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். எனக்காக ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நினைத்தேன்.

“ஆமாங்க, கொஞ்சம் மந்தம்தான்” என்று அவரும் சேர்ந்து சிரித்தார்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. எழும்பி ஒரே மிதி. கேரியர் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. டிரான்ஸ்ஃபார்மர் வரை போய், அரைவட்டம் அடித்துத் திரும்பி, மணியடித்துக்கொண்டே வந்து வரிசைக்கு முன்னால் காலை ஊன்றி நின்றேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

“அடேயப்பா! அம்புட்டுதான் மாப்ள, இனி நீங்க நிம்மதியா இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கலாம்” என்றார் பெண்ணின் அப்பா.

மாமா கை தட்டவில்லை. கேரியரைப் பிடித்த மாதிரியே கையை வைத்துக்கொண்டு ரோட்டில் நின்றிருந்தார். பொய் வெளிப்பட்டதில் வெட்கப்படுகிறார், நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாத்திரையும் சுழல் நாற்காலியும் தொடர்ந்தன. முப்பத்தாறு வயதில் மாமாவின் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கூட நடந்திருப்பேன்ல” என்று அத்தை இன்றைக்கும் சொல்லி மாய்ந்துபோகிறாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் முப்பத்திரண்டில் சர்க்கரை வந்துவிட்டது. இப்போது விடிகாலையில் ரோடு முழுக்க இளவட்டங்கள் ஷூ போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். யாரும் யாரையும் ஏன் என்று கேட்பதில்லை. நானும் தனியாகத்தான் நடக்கிறேன். பின்னால் அந்த மூச்சிரைப்பு இல்லாத குறை மட்டும் இன்னும் ஆறவில்லை.

பால் டெப்போவில் கை தட்டல் வாங்கியதற்கு மறுநாளும் ஐந்தரைக்கு மாமா வந்து என் தோளைத் தொட்டார்.

“பாப்பா, வாரியா? ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்.”

“எனக்குத்தான் ஓட்டத் தெரியுமே.”

“தெரியும்மா. சும்மா வாயேன். நீ கதை சொல்லு, நான் பின்னாடியே வாரேன்.”

“மந்தத்தை எதுக்குக் கூப்புடுறீங்க?” என்று சொல்லிவிட்டுப் போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டேன்.

அவர் உடனே போய்விடவில்லை. பாயோரத்தில் வெகுநேரம் நின்றிருந்தார். போர்வைக்குள் நான் மூச்சை அடக்கிக்கொண்டு, ஜெயித்த சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கிறார் என்பது எனக்குத் தெரியவில்லை.