தனியே தாகேதா வரை

என் மகளுக்குப் பிறவியிலேயே கால் தசைகள் இறுகிப்போனவை. இரண்டு ஊன்றுகோல்களை ஊன்றி நடப்பாள். அவளுக்கான உதவித் தொகையை அடுத்த ஓராண்டுக்கு எதற்கெல்லாம் செலவிடுவது என்று தீர்மானிக்க, ஓர் அறக்கட்டளையிலிருந்து பர்மியப் பெண் ஒருவர் தாமுவேயில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆசிரியையை அழைப்பதுபோல அவரைச் ‘சயாமா’ என்றே அழைத்தோம்.

“உங்கள் மகள் எவ்வளவு நன்றாக நடக்கிறாள்!” என்றார் சயாமா, உட்கார்ந்த உடனேயே.

என் கணவர் பதறிவிட்டார். பிள்ளைகளைப் பற்றிய நல்ல சொல்லை வெளியார் முன் ஆமோதிக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை, கண் பட்டுவிடும். “எங்கே நடக்கிறாள், நாலு எட்டு வைத்தால் விழுந்துவிடுவாள். தானாகக் குளிக்கவும் முடியாது” என்று பர்மிய மொழியில் அடுக்கினார். சயாமா அவ்வளவையும் எழுதிக்கொண்டு, பிறகு அதற்கான உதவிகளை நிதானமாக வாசித்துக் காட்டினார். பக்கத் தடுப்பு வைத்த கட்டில், குளிப்பாட்டிவிட ஒரு பெண், அறைக்குள் நகர ஒரு சக்கர நாற்காலி.

மகள் தமிழில் ஆரம்பித்தாள். “நல்லாருக்குப்பா. நின்னுக்கிட்டிருந்தவளைப் படுக்க வெச்சிட்டீங்க.”

“கண்ணு பட்டுறக் கூடாதுன்னுதாம்மா…”

“அவங்க கண்ணாடி போட்டிருக்காங்கப்பா, படாது.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு சயாமா பக்கம் திரும்பிப் பர்மிய மொழியில் பேசினாள். அந்த மொழியில் அவள் என்னைவிடச் சரளமானவள். குளிப்பது, மாடிப்படி இறங்குவது எல்லாம் தானே செய்வதாகச் சொன்னாள். பாலத்துக்கு அப்பால் தாகேதாவில் கேக் செய்யக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்று இருக்கிறதாம். அங்கே பேருந்தில் தனியாகப் போய்வர வேண்டும். அதுவே தன் இலக்கு என்றாள்.

“தனியாவா? வேண்டாம்மா” என்றேன். சயாமா பொறுமையாக விளக்கினார். இலக்காக எழுதப்பட்டதற்கு மட்டுமே பணம் கிடைக்கும். ஓராண்டுக்குள் அதை மாற்ற இயலாது. வீட்டில் இருப்பது இலக்கானால், வீட்டில் இருப்பதற்குத்தான் உதவி. பிறகு என்னிடம், “எது எது தவறக்கூடும் என்று அஞ்சுகிறீர்கள், சொல்லுங்கள்” என்றார்.

சொன்னேன். சாக்கடை மேல் உடைந்து கிடக்கும் பலகைகள். மழையில் வழுக்கும் ஊன்றுகோல். ஏறி முடிக்கும் முன்பே நகர்ந்துவிடும் பேருந்து. மின்சாரம் போனால் இருண்டுவிடும் தெரு. இந்த நாட்களில் யார் யாரை வழிமறித்து என்ன கேட்பார்கள் என்று தெரியவில்லை. பயந்தால் அவளுக்கு நாக்குக் குழறும், குழறலைக் கள்ளத்தனம் என்று நினைத்துவிட்டால்…

“அம்மா, போதும்மா. சயாமா பேனாவுல மை தீந்துரும்.”

சயாமா சிரிக்கவில்லை. என் ஒவ்வோர் அச்சத்துக்கும் எதிரே ஒன்றை எழுதினார். ஊன்றுகோல் நுனிக்குப் புதிய ரப்பர், முதல் சில வாரங்களுக்கு உடன் சென்று பழக்கிவிட ஒருவர், நெற்றியில் கட்டும் விளக்கு, அவள் நிலையைப் பர்மிய மொழியில் கூறும் ஓர் அட்டை. என் பயங்களே அவளை வெளியே அனுப்பும் ஏற்பாடுகளாக மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்திட்டேன். என் கணவரும் கையெழுத்திட்டார்.

பழக்கும் வாரங்கள் முடிந்து அவள் தனியாகப் புறப்பட்ட காலையில் பால்கனியில் நின்றேன். தெருவைக் கடந்தாள். ஒரு பேருந்து நின்று மறைத்தது. அது விலகியபோது அவள் அங்கே இல்லை. ஏறிவிட்டாளா, விழுந்துவிட்டாளா? தரையில் யாரும் இல்லை. ஆகவே ஏறியிருக்க வேண்டும்.

பேருந்து பாலத்தைத் தாண்டியிருக்கும் என்று தோன்றிய வேளையில் கைபேசியை எடுத்தேன். எண்ணை அழுத்தப் போனபோதுதான் உறைத்தது: அவள் இறங்கி நடந்துகொண்டிருந்தால், மணி கேட்டதும் ஒரு கோலை விட்டுவிட்டுத்தான் போனை எடுப்பாள். அழைப்பது அம்மா என்று தெரியும், எடுக்காமல் இருக்கமாட்டாள்.

கைபேசியை மேசைமேல் வைத்தேன். அது தானாக ஒலிக்கும்வரை அதைத் தொடவில்லை.