மிலிட்சா கூப்பிடாத விருந்து

நேற்று மகளின் அடுப்பில் கோதுமை அவிந்துகொண்டிருந்தது. சர்க்கரை வருத்தத்துக்கு நல்லதாம். வாசனை பட்டதும் எனக்கு மிலிட்சாவின் ஞாபகம் வந்துவிட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் இருவருக்கும் வேலை. போர்வையின் இரண்டு முனையை அவள் பிடிப்பாள், மற்ற இரண்டை நான். அவள் செர்பியாக்காரி. என்னை அக்கா என்று கூப்பிட அவளைப் பழக்கியிருந்தேன். பேச்செல்லாம் நோர்வே மொழிதான். அவள் உடைத்தது பாதி, நான் உடைத்தது பாதி.

அவளுடைய குடும்பம் லேசுப்பட்டதல்ல. பாட்டனுக்குப் பாட்டன் துருக்கிச் சுல்தானுக்கு எதிராகக் கிளர்ச்சி நடத்தியவர். பிறகு வந்தவர்களில் ஒருவர் மந்திரி, ஒருவர் சிறையில் செத்தவர். "எங்கட வீட்டில கட்டிலில செத்த ஆம்பிளை இல்லை, அக்கா," என்பாள், தலையணை உறையை உதறியபடி. நானும் விடுவேனா? எங்கள் அப்பு கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்ததை எடுத்துவிடுவேன்.

மார்கழியில் அவர்களின் குடும்பப் புனிதருக்கு ஒரு நாள். மெழுகுதிரி கொளுத்தி, அவித்த கோதுமையில் சீனி சேர்த்துப் படைப்பார்கள். தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிற கடமை. ஆண்கள் எல்லோரும் சுவரில் படமாகிவிட்டதால் அவளே செய்தாள். ஒஸ்லோவில் இருந்த அவளுடைய நாட்டு ஆட்களில் அந்தக் குடும்பத்தின் மேல் கோபமுள்ளவர்கள் போவதில்லை. மரியாதை வைத்தவர்கள் ஒவ்வொருவராய்ச் செத்துப்போனார்கள்.

ஒரு வருடம், வெள்ளிக்கிழமை அந்த நாள் என்றாள். கோதுமை ஊறுகிறது என்றாள். லிப்ட் பழுது, படியேற வேண்டும் என்றும் சொன்னாள். வாருங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்லாத வீட்டுக்கு எங்கள் பக்கத்தில் யார் போவார்? அன்று போக உடுத்திய சேலையோடு கதிரையிலேயே குந்தியிருந்தேன்.

திங்கட்கிழமை அவள் போர்வையை நாடியால் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துத் தனியே மடித்தாள். நானும் கேட்கவில்லை. ஒரு வருடம் அப்படியே ஓடியது.

அடுத்த மார்கழியில் மானமும் அலுத்துவிட்டது. அந்த நாளில் வடை சுட்டு எடுத்துக்கொண்டு அவளுடைய வீட்டுக்கு மூன்று மாடி ஏறினேன். சுவரில் படங்கள் இல்லை, திரி இல்லை. ஸ்தவாங்கரில் இருக்கும் மகளிடம் போவதற்குப் பெட்டி கட்டியிருந்தாள்.

"போன முறை கதவைப் பூட்டாமல் இருந்தனான், அக்கா."

"நீ கூப்பிடேல்லையே."

"அந்த நாளுக்கு நாங்கள் ஆரையும் கூப்பிடுறேல்லை. தெரிஞ்சவை தாங்களா வருவினம்."

பெட்டியின் மேல் குந்தினேன். அதற்குள் சுல்தானை எதிர்த்தவர் படமாய்க் கிடந்தார்.

ஆள் வராத வீட்டில் இனி படையல் எதற்கென்று விட்டுவிட்டாளாம். கடைசியாகக் கிடந்த போர்வையை இருவரும் பிடித்து மடித்தோம். வடையைத் தின்றுவிட்டு உறைக்குது என்றாள்.

அவள் இப்போது இல்லை. அவளுடைய மகள் வீட்டில் அந்தத் திரி எரியவேயில்லை என்று கேள்வி. சலவை அறையும் போய்விட்டது. துணிகளை லொறியில் திராமன் நகரத்துச் சலவைச்சாலைக்கு ஏற்றுகிறார்கள். வீட்டுப் போர்வையை நான் தனியேதான் மடிக்கிறேன், நாடியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு.